வேனிலிருந்து மூடுபனிக்குள் போன வயர்

வெயிலே இல்லாத ஊரில் வேனுக்குள் கரண்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு எனக்கு அடிக்கடி மின்னஞ்சல் வருகிறது. அதற்கு உருப்படியான பதில் ஒன்றைத் தேடித்தான் போன நவம்பரில், ஒரு புதன்கிழமை காலை ஏழரைக்கு, நானும் என் கணவர் முரளியும் திருச்சியிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் நவம்பரைத் தவிர்ப்பார்கள். நாள் முழுக்க மழையும் மூடுபனியுமாக இருக்கும். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது பன்னிரண்டு இருக்கை கொண்ட பழைய டீசல் வேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டிருக்கிறோம். ஓட்டுவது முரளி. வயரிங் என் பொறுப்பு, ஏனென்றால் பதினெட்டு வருடம் யூபிஎஸ் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவள் நான். இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி உண்டு. உள்ளே இருக்கும் சாமான்களுக்கென்று தனியாக 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று. இதை நாங்கள் வீட்டு பேட்டரி என்போம். அதிலிருந்து ஒரு இன்வெர்ட்டர், கூரையில் 400 வாட் சோலார்.

இதுவரை ஓடும்போது வீட்டு பேட்டரி சார்ஜ் ஆக, இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடும் ஒரு சாதாரண ரிலே மட்டும்தான் வைத்திருந்தோம். நாள் பூரா ஓட்டினாலும் அறுபது சதவீதத்தைத் தாண்டாது. இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் டைனமோ வோல்டேஜைக் குறைத்துவிடும், லித்தியத்துக்கு அது போதாது. அதனால் அக்டோபரில் ரிலேயை எடுத்துவிட்டு 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டேன். டைனமோ என்ன கொடுத்தாலும் இது அதைச் சரிசெய்து பேட்டரிக்குத் தேவையான அளவில் அனுப்பும். சார்ஜர் 24,500 ரூபாய். தடித்த செம்புக் கேபிளும் இரண்டு முனைக்கும் ஃபியூஸும் 4,100. மாட்டும் வேலை நானே செய்ததால் கூலி இல்லை, கழுத்துவலி மட்டும்தான்.

சேலத்தில் டீசல் போட்டு, சாப்பிட்டு, மலை அடிவாரத்தை 12:10-க்குத் தொட்டோம். வீட்டு பேட்டரி 58 சதவீதம். இருபது கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரிலேயே ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் 1:05-க்கு நிறுத்தியபோது 76. பழைய ரிலேயில் இதே நேரத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால் அதிகம். முரளியிடம் மீட்டரைக் காட்டினேன். "சரி, இனிமே ராத்திரி ஃபேனைப் பிடுங்க மாட்டியே" என்றார்.

டவுனில் கூட்டம் இல்லை. கடைகளில் பாதி மெழுகுவர்த்தியில் ஓடிக்கொண்டிருந்தன. நாகலூர் சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தி ராத்திரி தங்க இடம் கேட்டோம்.

"கரண்டு போயி மூணு நாளாச்சுங்க. காத்துக்கு மரமெல்லாம் லைன் மேல உழுந்து கெடக்குது. செல்லு டவரும் அவுட்டுங்க" என்றார் கடைக்காரர். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போனா எஸ்டேட்டு களம் ஒண்ணு வருமுங்க. காப்பி காயப்போடற எடம். இப்ப சும்மாதான் கெடக்குது. தாராளமா நிறுத்திக்கோங்க. பனி எறங்கிடுச்சுன்னா மட்டும் வண்டிய உட்டு எங்கயும் போயிராதீங்க. எங்களுக்கே தெச தெரியாதுங்க."

ஏரியிலிருந்து எங்கள் மீட்டரில் 9.4 கிலோமீட்டர். சிமெண்ட் களம், மூன்று பக்கமும் காப்பிச் செடி, மேலே சில்வர் ஓக் மரங்கள். முரளி வேனின் வலது பக்கத்தைச் செடிகளை ஒட்டி நிறுத்தினார். வலது பின்மூலையில் வெளிப்பக்கமாக ஒரு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறோம், மூடி போட்டது. மழை விட்ட நேரத்தில் அதில் மின்னடுப்பைச் செருகி வெளியிலேயே உப்புமா கிண்டினார். ஐந்து மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. சுற்றி ஒரு வீடு, ஒரு வெளிச்சம், ஒரு நாய்ச் சத்தம் கிடையாது. இந்த மலையில் நாம் இரண்டு பேர்தான் என்று சொல்லிக்கொண்டு சீக்கிரமே படுத்துவிட்டோம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கும் விடியவில்லை. அதாவது வெளுத்திருந்தது, ஆனால் எதுவும் தெரியவில்லை. கையை நீட்டினால் விரல் மங்கியது. சோலாரில் 1.8 ஆம்பியர், அதாவது ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு மேல் பனி கொஞ்சம் விலகியதும், டவுன் பக்கம் ராத்திரி ஒரு மரம் முறிந்த சத்தம் கேட்டதே, பாதை இருக்கிறதா என்று பார்க்க நடந்து போனோம். கிளம்பும்போது 9:15, பேட்டரி 69. லேப்டாப் சார்ஜில் இருந்ததால் இன்வெர்ட்டரை அணைக்கவில்லை.

முக்கால் கிலோமீட்டரில் ஒரு சில்வர் ஓக் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. ஆள் தாண்டலாம், வண்டி தாண்டாது. திரும்பும் வழியில் பனி மறுபடி இறங்கிவிட்டது. தார்ச் சாலையின் ஓரத்தைக் காலால் தேடித் தேடித்தான் வந்தோம். ஒரு இடத்தில் எங்களுக்கு மேலே செடிகளுக்குள் யாரோ வேகமாக நடந்து போகிற சத்தம் கேட்டது. முரளி "யாருங்க?" என்று கூப்பிட்டார். சத்தம் நிற்கவில்லை, பதிலும் இல்லை. நடந்து நடந்து தேய்ந்து போனது.

வேனுக்குள் ஏறியபோது 10:45. மீட்டரைப் பார்த்தேன். 52 சதவீதம். ஒன்றரை மணி நேரத்தில் பதினேழு போயிருக்கிறது. அப்போதும் 33 ஆம்பியர் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜும் லேப்டாப்பும் சேர்ந்தாலே எட்டைத் தாண்டாது.

வழக்கம்போல ஒவ்வொன்றாக அணைத்தேன். ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்பு, விளக்கு. லேப்டாப்பையும் பிடுங்கினேன். மீட்டர் கொஞ்சம்தான் இறங்கியது. கடைசியாக இன்வெர்ட்டரை அணைத்தேன். சட்டென்று 0.4-க்கு வந்தது.

அதே நொடியில் வெளியே, பனிக்குள், ஏதோ கத்த ஆரம்பித்தது. விடாத, மெல்லிய, ஒரே ஸ்வரத்தில் ஒரு சத்தம்.

"என்ன பறவை அது?" என்றார் முரளி.

எனக்கு அதில் கவனம் இல்லை. இன்வெர்ட்டருக்குள் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது, புதுக் கேபிளில் நான்தான் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று பயந்துகொண்டிருந்தேன். பலகையைக் கழற்றி, கேபிள் முனை ஒவ்வொன்றையும் தொட்டுச் சூடு பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. அவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து இன்வெர்ட்டரைப் போட்டேன்.

சத்தம் நின்றது.

நானும் முரளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மீட்டர் மெதுவாக ஏறியது. இரண்டு, பன்னிரண்டு, இருபத்தைந்து. "திரும்ப அணை" என்றார். அணைத்தேன். உடனே பனிக்குள் அது கத்தியது. மேலே, சற்று வலது பக்கம். போட்டேன், நின்றது. இத்தனை வருடத் தொழிலில், நான் ஒரு சுவிட்சைத் தட்ட, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எங்கிருந்தோ பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"இனிமே அதத் தொடாத" என்று சொல்லிவிட்டு முரளி இறங்கினார். செடிகளுக்கும் வேனுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து வலது பக்கம் போனார். பிறகு அடிக்குரலில் கூப்பிட்டார். "வசந்தி, இங்க வா."

வெளிப் பிளக் பாயிண்டின் மூடி திறந்திருந்தது. அதில் ஒரு பிளக் செருகியிருந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் வயர் கிளம்பி, காப்பிச் செடியின் கிளைமேல் ஏறி, பனிக்குள் போயிருந்தது.

பிடுங்கிவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. முரளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்காம வேணாம்."

வயரைத் தொடாமல் அதன் கூடவே நடந்தோம். செடிக்குச் செடி தொங்கவிட்டு, மிளகுக்கொடி ஏறிய மரங்களில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். நடுவில் மஞ்சள் வயர் முடிந்து கறுப்பு வயர், அப்புறம் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியின் துணி சுற்றிய வயர். கையில் அகப்பட்டதையெல்லாம் முறுக்கி டேப் ஒட்டியிருந்தது. இரண்டு அடிக்கு முன்னால் வயரும் மறைந்துவிடும். அறுபது மீட்டர்கூட இருக்காது, ஆனால் வெகுதூரம் நடந்த மாதிரி இருந்தது. பாதித் தூரத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. புஸ்ஸென்று விட்டு, ஒரு டக், மறுபடி புஸ். மனிதர் விடுகிற மூச்சைவிடப் பெரிய மூச்சு.

பனியிலிருந்து ஒரு ஓட்டு வீட்டின் சுவர் வந்தது. ஜன்னல் வழியாக வயர் உள்ளே போயிருந்தது. கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே கட்டிலில், தலையணைகளை அண்டக் கொடுத்து, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற, கரண்டில் ஓடுகிற வகை. விரலில் மாட்டியிருந்த கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 79 என்று காட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கையைத் தூக்கினார். பேச மூன்று தடவை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

"அமத்தாதீங்க… அம்மிணி."

அணைக்காதீர்கள் என்கிறார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கரண்டு போனால் அந்த மெஷின் கத்தும். நாங்கள் பறவை என்று விட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

கணக்கைப் பார்த்துப் பயந்தேன். மெஷின் மட்டுமே 28 ஆம்பியர் இழுக்கிறது. 50 சதவீதம் என்றால் மூன்றரை மணி நேரம் வரும். வெயில் கிடையாது, பாதை கிடையாது, போன் கிடையாது. முரளி இன்ஜினைப் போட வேனுக்கு ஓடினார். சும்மா ஐடிலில் விட்டால் சார்ஜர் 22 ஆம்பியர்தான் கொடுத்தது, பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வைத்தால் 38, அப்படியானால் ஏறும். ஆகவே அவர் பனிக்குள் உட்கார்ந்து, கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். டேங்கில் 31 லிட்டர் டீசல் இருந்தது.

நான் கட்டிலுக்கு அருகில் இருந்தேன். விரல் கருவி 79-லிருந்து 84, பிறகு 88 என்று நகர்ந்தது. அவர் பெயர் ஆறுமுகம், அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் வியாதி, இரண்டு வருடமாக மெஷினோடு இருக்கிறார். இதையெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னார். நான் பேச வேண்டாம் என்றாலும் பேசினார்.

"ரெண்டு தடவ… போயிட்டு வந்தனுங்க" என்றார். நான் சுவிட்சை இரண்டு தடவை அணைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பின்னால நிக்கறவர… உக்காரச் சொல்லுங்க."

முரளி போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவு, வாசற்படி வரை வந்து நிற்கும் பனி, அவ்வளவுதான்.

"யாரும் இல்லீங்களே ஐயா. நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு பேர்தான் வந்தோம்."

"மூணு பேரு… வந்தீங்க" என்றார். பிறகு என்னை வருத்தப்பட வைத்துவிட்டோமோ என்று நினைத்தவர் போல, "செரி உடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆக்சிஜன் குறைந்தால் இப்படித் தோன்றும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் அப்போது எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த ஸ்டூலைக் கதவுக்கு அருகில் நகர்த்தி வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

2:40-க்குப் பனிக்குள் இருந்து ஆள் சத்தம் வந்தது. ஒரு பெண்ணும், பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்த ஒரு ஆளும் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மரம் வரைக்கும் அவருடைய பைக்கில் கொண்டுவந்து, அங்கிருந்து சுமந்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஆறுமுகத்தின் மனைவி பூங்கொடி. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க அக்கா, திருடுனன்னு நெனச்சிராதீங்க. ஊட்டு இன்வெர்ட்டரு முந்தாநேத்தே படுத்துடுச்சுங்க. சிலிண்டரும் காலையில தீந்துபோச்சுங்க. நேத்து அண்ணன் வெளிய அடுப்பு வெச்சு ஆக்குனதப் பாத்திருந்தனுங்க. வந்து நொம்ப நேரம் கதவத் தட்டுனனுங்க. ஆரும் இல்ல. எழுதி வைப்பர்ல சொருவி வெச்சுட்டுத்தான் ஓடுனனுங்க."

எங்களுக்கு மேலே செடிகளுக்குள் நடந்து போனது அவர்தான். முரளியின் குரல் காதில் விழவே இல்லையாம்.

அப்போதே சொல்லாவிட்டால் பிறகு என்னால் சொல்லவே முடியாது என்று தோன்றியது. "நீங்க எழுதினத நாங்க பாக்கலம்மா, ஈரத்துல ஊறிக் கீழ விழுந்திருக்கும். எங்க கரண்டு எங்கயோ போகுதேன்னு நான்தான் சுவிட்ச அணைச்சேன்" என்றேன்.

"எத்தன நேரமுங்க?"

"மொத்தம் ஆறு நிமிஷம் இருக்கும்."

பூங்கொடி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கணவரின் இரண்டு பாதத்தையும் கையில் பிடித்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். விரல் கருவியைப் பார்த்தார். 91. வெகுநேரம் கழித்து, திரும்பாமலே, "உங்களுக்கென்னங்க தெரியும்" என்றார். அந்த வார்த்தை ஆறுதலா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதன்பின் மெஷினையும் இன்ஜினையும் நிறுத்திச் சிலிண்டரில் விட்டோம், நான்கரைக்கு ஊர்க்காரர்கள் மரத்தை அறுத்து நகர்த்தினார்கள். சிலிண்டரை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, மெஷினை எங்கள் இன்வெர்ட்டரில் மாட்டி, ஆறுமுகத்தை எங்கள் கட்டிலிலேயே படுக்க வைத்துச் சேலத்துக்குக் கிளம்பினோம். வளைவுகளில் முகப்பு விளக்கு பனியில் மோதித் திரும்பி எங்கள் கண்ணிலேயே அடித்தது. முரளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டினார். பின்னால் அந்தப் பெரிய மூச்சு கேட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு டக்குக்கும் பூங்கொடியின் உதடு அசைந்தது. எட்டாவது வளைவுக்குக் கீழே பனி சட்டென்று விட்டுவிட்டது, தூரத்தில் சேலத்தின் விளக்குகள். வண்டிக்குள் நாங்கள் நான்கு பேரும்தான். எண்ணிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் 6:20. ஒரு மூச்சுக்குக்கூட மெஷின் நிற்கவில்லை. களத்திலிருந்து கிளம்பும்போது பேட்டரி 66, சேர்ந்தபோது 74.

பதினோரு நாள் கழித்துப் பூங்கொடி போன் செய்தார். வீட்டுக்கு வந்துவிட்டார்கள், கரண்டும் வந்துவிட்டது. ஆறுமுகம் போனை வாங்கி, "அம்மிணி, வண்டி ஓடுதுங்களா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மலைக்கும் மழைக்கும் சோலாரை நம்பாதீர்கள். நவம்பரில் ஏற்காட்டில் எங்களுடைய 400 வாட் ஒரு நாளில் ஒரு கெட்டில் தண்ணீர் காய்ச்சக்கூடத் தரவில்லை. லித்தியம் வைத்திருந்தால் ரிலேயை விட்டு டிசி-டிசி சார்ஜருக்கு மாறுங்கள். உங்கள் டைனமோ தரும் அளவில் பாதிக்கு மேல் எடுக்காத சார்ஜராகப் பாருங்கள், இல்லையென்றால் டைனமோ சூடாகிக் கெட்டுவிடும். நின்றபடி இன்ஜினை ஓட்டிச் சார்ஜ் செய்வது அவசரத்துக்கு மட்டும். புகை வெளியே போக வழி பாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்காதீர்கள். முரளி மூன்றரை மணி நேரத்தில் 6 லிட்டர் எரித்தார், அதன்பின் இரண்டு நாள் அவரால் காலை ஊன்ற முடியவில்லை.

நண்பர்கள் சிலர் வெளிப் பிளக் பாயிண்டுக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அதற்குப் பதிலாக நாற்பது ரூபாய்க்கு ஒரு சிவப்பு இண்டிகேட்டர் வாங்கி, உள்ளே இன்வெர்ட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வெளியே யாராவது ஏதாவது செருகினால் அது எரியும். நீங்களும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். அது எரிந்தால் சுவிட்சில் கை வைக்காதீர்கள். இறங்குங்கள், வயர் எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டே நடங்கள், எவ்வளவு பனியாக இருந்தாலும்.